அறுபத்தைந்து அங்குலம்

மார்ச் 2, 2023, வியாழன்

டிவியின் இடது பாதி இன்றோடு நான்கு நாளாகக் கறுப்பு. முதலில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. பிறகு கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததெல்லாம் போய்விட்டது. செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு ஒரு கண், ஒரு காது, பாதி வாய். நான் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். ஜம்ஹாரி மட்டும் வழக்கம்போல உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்று சாப்பிடும்போது கேட்டேன்.

"எப்படித்தான் பாக்கறீங்க அதை?"

"ஏன், அதுக்கு என்ன?"

"பாதி டிவி செத்துப்போச்சு, அபாங்!"

தலையைத் திருப்பி ஒரு நிமிடம் பார்த்தார். "மிச்சப் பாதி இருக்குல்ல" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் ஆகி, இவரை அபாங் என்று கூப்பிடத் தொடங்கி முப்பத்தாறு வருடம். வீட்டில் எது உடைந்தாலும் இவருக்கு மிச்சப் பாதி போதும்.

எனக்குப் போதாது. ஜனவரியோடு வேலை முடிந்துவிட்டது. நீர்வாரிய அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் ஊராருடைய குழாய்ப் புகார்களைத் தட்டச்சு செய்தாயிற்று. ஹரி ராயா பெருநாளுக்குள் புது டிவி வாங்கப்போகிறேன். பெரியதாக. இதை எழுதி வைக்கிறேன், பின்வாங்காமல் இருக்க.

மார்ச் 5, ஞாயிறு

தங்கை மஸ்னா வீட்டில் இருப்பது அறுபத்தைந்து அங்குலம். அவளிடம் கேட்டால் அக்கா என்று பார்க்காமல் ஒரு மணி நேரம் பேசுகிறாள். "காக், அம்பத்தஞ்சு வாங்கிடாதே. வாங்கினவங்க எல்லாரும் ஆறு மாசத்துல அழறாங்க."

தையல் நாடாவை எடுத்துச் சுவரை அளந்தேன். நூற்று நாற்பத்தைந்து சென்டிமீட்டர் வேண்டும். நம் கூடத்துச் சுவரில் இடம் இருக்கிறது, சாமான் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தினால். நாடாவின் ஒரு நுனியை அவரைப் பிடிக்கச் சொன்னேன். நீட்டியதை விட்டுவிட்டுக் காற்றைப் பிடித்தார். "விளையாடாதீங்க" என்றேன்.

பழைய செய்தித்தாள்களை ஒட்டி அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இங்கே இந்தப் பாயான் பாரு அடுக்ககத்தின் ஆறாவது மாடிக்கு ஒரு திரையரங்கம் வரப்போகிறது! அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ரொம்பப் பெரிசு, லேஹா."

"பெரிசா இருக்கணும்னுதானே."

"முப்பத்திரண்டு போதும். நம்ம ரெண்டு பேருதானே."

ரெண்டு பேர் என்றால் சின்னதாகப் பார்க்க வேண்டுமா?

மார்ச் 8

முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு. கிளிப்பிள்ளை.

மார்ச் 12, ஞாயிறு

கடைக்குப் போய் வந்தோம். இன்னும் உடம்பெல்லாம் எரிகிறது.

மூன்று சுவர் நிறைய டிவி. எல்லாவற்றிலும் ஒரே கடல், ஒரே ஆமை. நான் அறுபத்தைந்து அங்குலத்தின் முன்னால் போய் நின்றேன். ஆமையின் கழுத்துச் சுருக்கத்தை எண்ணலாம் போலிருந்தது. விற்பனைக்காரர் சீனர், ஐம்பது வயதிருக்கும், நல்ல வாயாடி. "ஆன்ட்டி, இதுல சமையல் நிகழ்ச்சி பார்த்தீங்கன்னா உங்க வீட்டுல சமைக்கவே வேண்டாம், வாசனையே வந்துடும்" என்றார். நானும் சிரித்துக்கொண்டே ஜம்ஹாரியைத் தேடினேன்.

பக்கத்தில் இல்லை. பின்னால் போயிருக்கிறார். பின்னால், பின்னால், துணி துவைக்கும் இயந்திரங்கள் இருக்கிற வரிசைக்கே போய், அங்கிருந்து தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், டிவி கடிக்காது, கிட்ட வாங்க!" என்றார் விற்பனைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

"இங்கேருந்து நல்லா இருக்கு" என்றார் இவர். பிறகு மூலையில், கேட்பாரில்லாமல் தொங்கிய சின்ன டிவியிடம் போய் நின்றுகொண்டார். "லேஹா, இது பாரு. இது முழுசாத் தெரியுது."

முழுசாகத் தெரிகிறதாம். முழுசாகத் தெரியாமல் எந்த டிவி கடையில் இருக்கிறது?

அப்போது பேசிவிட்டேன். இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படிதான். "இவரு இப்படித்தான். நல்லது எதைப் பார்த்தாலும் கை உதறும். எனக்குன்னு ஒரு பொருள் வாங்கினா இவருக்கு உயிர் போயிடும். கஞ்சன்." விற்பனைக்காரர் விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜம்ஹாரி வாசல் பக்கம் திரும்பினார். திரும்பும்போது ஒரு தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டு, அதனிடம் மன்னிப்புக் கேட்டார்.

அறுபத்தைந்துக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

பேருந்தில்தான் திரும்பினோம். அவர் ஓட்டுகிற பள்ளி வேன் இருந்தும் ஏன் பேருந்து என்று கேட்டதற்கு, அங்கே நிறுத்த இடம் கிடைக்காது என்றார்.

மார்ச் 20, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. இவருடைய வேன் கீழே நின்றுகொண்டிருக்கிறது.

பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர். இன்று காலை ஆறு மணிக்கு எழுந்து, தொழுது, கொப்பி குடித்து, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் பதறிப்போய்க் கேட்கிறேன், "பிள்ளைங்க காத்திருக்குமே?" இந்த வருடத்திலிருந்து பிள்ளைகளை இவருடைய சிநேகிதர் ஆ சூன் ஏற்றிக்கொள்கிறாராம். எப்போது முடிவு செய்தீர்கள்? போன மாதம். என்னிடம் ஏன் சொல்லவில்லை? வண்டி சரியில்லை. வண்டிக்கு என்ன? என்னவோ சத்தம் வருகிறது.

கீழே போய்ப் பட்டறைக்காரரைக் கேட்டுவிட்டு வந்தேன். வண்டிக்கு ஒன்றும் இல்லை, இடது கண்ணாடி மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறது என்கிறார்.

சோம்பேறித்தனம். வேறென்ன? மேலே வந்து சொன்னேன். "நான் வேலையை விட்டா நீங்களும் விடணுமா? பொண்டாட்டி பென்ஷன்ல உக்காந்து சாப்பிட வெக்கமா இல்ல?"

சொன்ன பிறகு கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது. ஆனாலும் அவர் ஏதாவது திருப்பிச் சொல்லியிருக்கலாம். சண்டை போடவும் ஒரு ஆள் வேண்டும் இல்லையா? கொப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். கழுவிய கோப்பையில் கறை அப்படியே இருந்தது.

மார்ச் 23, வியாழன்

முதல் நோன்பு. தலைவலி.

மார்ச் 27, திங்கள்

வந்துவிட்டது!

மின்தூக்கிக்குள் பெட்டி நுழையவில்லை. இரண்டு பேர் ஆறு மாடியும் படியில் தூக்கி வந்தார்கள். நோன்பு என்பதால் தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை, பாவம். மாட்டி முடித்துப் போட்டபோது எதிர் வீட்டுக்காரி வாசலில் நின்று "மாஷா அல்லா" என்றாள். கூடமே வேறு வீடு மாதிரி இருக்கிறது.

நோன்பு திறந்த பிறகு பார்க்க உட்கார்ந்தேன். ஜம்ஹாரி தன் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். எங்கே என்று பார்த்தால் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கூடத்தில் அதற்கு மேல் தள்ளிப்போக இடமே இல்லை.

"இங்கே வந்து உக்காருங்க."

"இங்கேயே நல்லாருக்கு."

கோபம். கடையில் பேசியதற்கு. சரி, இருக்கட்டும். எத்தனை நாள் என்று பார்ப்போம்.

மார்ச் 30

நாற்காலி இன்னும் அங்கேதான். நான் சமையலறைக்குப் போகும்போதெல்லாம் அவர் எழுந்து வழிவிட வேண்டியிருக்கிறது. வேண்டுமென்றே செய்கிறார்.

ஏப்ரல் 2, ஞாயிறு

மஸ்னாவும் அவள் வீட்டுக்காரரும் நோன்பு திறக்க வந்தார்கள். மஸ்னாவுக்குக் கண் அந்த நாற்காலி மேலேயே.

"என்ன அபாங் ஜம், அங்கே காவலுக்கு உக்காந்திருக்கீங்களா? சட்டியைத் திருடிட்டுப் போயிடப் போறாங்கன்னா?"

நான் விட்டுவைப்பேனா? "அவருக்குப் புது டிவி மேல கோவம். பேச்சுவார்த்தை இல்ல."

அவரும் சிரித்தார். நன்றாகத்தான் சிரித்தார். ஆனால் பேரீச்சம்பழத் தட்டை மஸ்னா நீட்டியபோது எடுத்துக்கொள்ளாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை வலித்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "ரொம்பத்தான் பவுசு" என்று என் காதில் சொன்னாள். எனக்கு மானம் போயிற்று.

ஏப்ரல் 9

பேசவில்லை. அவரும். மூன்று நாள்.

ஏப்ரல் 15, சனி

பேட்மிண்டன். இவருக்கு உயிர். பெரிய திரையில் பார்த்தாலாவது மனம் மாறும் என்று நானே கூப்பிட்டேன், மூன்று நாள் பேசாதது ஆறு நாளாகி, ஒன்பதாகி, எனக்கே சலித்துவிட்டது.

சமையலறை வாசலிலிருந்தே பார்த்தார். நம் ஆள் புள்ளி எடுக்கும்போது இவர் கத்துவது கொஞ்சம் தாமதமாக வருகிறது. கூட்டம் கத்தி, வர்ணனையாளர் கத்தி, பிறகு இவர். "அவுட்டா?" என்கிறார். "யாரு சர்வீஸ்?" என்கிறார்.

"பாக்கறீங்களா, தூங்கறீங்களா? கண்ணு முன்னாடிதானே நடக்குது!"

"பார்த்துட்டுதான் இருக்கேன்."

அரை மணியில் எழுந்து படுக்கப் போய்விட்டார். ஆட்டம் முடியவே இல்லை.

இவ்வளவு பெரிய டிவியின் முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரியாக இருந்தது.

ஏப்ரல் 22, சனி

ஹரி ராயா.

எழுத வரவில்லை. நாளைக்கு.

ஏப்ரல் 23

காலையில் தொழுகை முடிந்து வந்ததும் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். வருடா வருடம் கேட்பதுதான். வாய் சொன்னது, மனம் ரெண்டாங் கறி அடிபிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் அதையே திருப்பிக் கேட்டார். என் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. நான்தான் உருவிக்கொண்டேன், அடுப்புக்கு.

மகள் ஹனிஸ் முதல் நாளே ஜொகூரிலிருந்து வந்திருந்தாள். பதினொரு மணிக்கு மஸ்னா குடும்பம் வந்தது. அவள் மகன், மருமகள், தவழ்கிற பேத்தி அட்ரா எல்லாரும். டிவியைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு உள்ளே குளிர்ந்தது என்பதையும் எழுத வேண்டும். அந்த நேரத்தில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஜம்ஹாரி தேநீர் கொண்டுவந்தார். தட்டில் ஆறு கண்ணாடித் தம்ளர். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். சமாதானத்துக்காக இருக்கலாம். அட்ரா இடது பக்கத்திலிருந்து தவழ்ந்து வந்து அவர் வழியில் உட்கார்ந்துகொண்டது. குழந்தை சிவப்புச் சட்டை போட்டிருந்தது. நல்ல வெளிச்சம். எல்லாருக்கும் தெரிந்தது. அவர் நேராக நடந்து வந்தார்.

கால் குழந்தை மேல் பட்டது. பட்ட உடனே அவர் உடம்பை முறுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் விழுந்தார். தட்டு முழுதும் அவர் மேலேயே. கொதிக்கிற தேநீர், கண்ணாடி. அட்ரா வீறிட்டது. அதற்கு ஒன்றுமில்லை, முழங்கையில் ஒரு சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் அப்போது யாருக்குத் தெரியும்?

நான் கத்தினேன். நான்தான். மஸ்னா இல்லை, குழந்தையின் தாய் இல்லை.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு! குழந்தை உக்காந்திருக்கறது கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். புது பாஜு சட்டை முழுக்க நனைந்திருந்தது. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"தெரியல, லேஹா" என்றார்.

டிவியில் மட்டும் ராயாப் பாட்டு.

"இடது பக்கம் ஒண்ணுமே தெரியல. வலது பக்கம் நடுவுல கொஞ்சம் தெரியும். குழந்தைக்கு அடிபட்டுதா? யாராவது சொல்லுங்க, குழந்தைக்கு அடிபட்டுதா?"

ஹனிஸ்தான் ஓடிப்போய்ப் பிடித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 26, புதன்

பெரிய மருத்துவமனை, கண் பிரிவு. ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நான் பின்னால் நின்று பார்த்தேன். புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன, அவர் விரல் அசையவில்லை. அழுத்துங்க, அழுத்துங்க என்று என் வாய்வரை வந்தது.

குளுக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுமாம். வலிக்காது. ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும். மருத்துவர் சின்னப் பெண், மெதுவாகப் பேசினார். வலது கண்ணின் தாளைக் காட்டினார். முழுக்கக் கறுப்பு, நடுவில் ஐம்பது சென் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளை. இடது கண்ணுக்கு அதுவும் இல்லை.

"போனது திரும்பி வராது, ஆன்ட்டி. மிச்சத்தைக் காப்பாத்தப் பார்ப்போம். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நிறைய காப்பாத்திருக்கலாம்."

பிறகு அவரிடம் கேட்டார். "அங்கிள், டிவி எல்லாம் எப்படிப் பாக்கறீங்க?"

"தூரத்துலேருந்து பார்ப்பேன், டாக்டர். தூரப் போகப் போகப் படம் சின்னதாகும். அப்பத்தான் அந்த ஓட்டைக்குள்ள அடங்கும்."

மருத்துவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அவருக்கு அது ஒரு வரி.

நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். துணி துவைக்கும் இயந்திரங்களின் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாரே. இது முழுசாத் தெரியுது என்றாரே. அந்த மனுஷன் எனக்கு விடை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், நான் கேள்வியே கேட்காமல் இருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

ஆ சூன் ராயா வாழ்த்துச் சொல்ல வந்தார். வருடா வருடம் ஒரு பெட்டி ஆரஞ்சோடு வருவார். ஜம்ஹாரி காலில் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். ஆ சூன் கட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "தெரிஞ்சுபோச்சா, காக்?" என்றார்.

ஆ சூனுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

"பிப்ரவரியில, பள்ளிக்கூடம் மூடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. வாசல் தூண்ல இடிச்சுட்டான். இடது கண்ணாடி போச்சு. வண்டியில பதினோரு பிள்ளைங்க. யாருக்கும் ஒண்ணுமில்ல, சிரிச்சுட்டு இருந்துதுங்க. இவன்தான் வெளுத்துப்போயிட்டான். எல்லாரையும் நடந்தே வீட்டுல கொண்டு விட்டுட்டு நேரா என் வீட்டுக்கு வந்தான். சாவியை மேசையில வச்சான். உட்காரக்கூட இல்ல. அப்புறம் கண்ணாடியை மாத்தி வண்டியைக் கொண்டுவந்து உங்க வீட்டுக் கீழே விட்டது நான்தான்."

"உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"ஒரு தாள் கொடுத்தான். பதினோரு பேரு, வீட்டு நம்பரு. யாருக்கு வாந்தி வரும், யாரை முன்னாடி உக்கார வைக்கணும், எந்தப் பொண்ணோட அம்மா லேட்டா வருவா, எல்லாம் எழுதியிருந்தான். கோழி கிறுக்கின மாதிரி எழுத்து, ஒரு வரி மேல இன்னொரு வரி. அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்."

மார்ச் இருபதாம் தேதி நான் இவரை என்ன சொன்னேன் என்று ஆ சூனுக்குத் தெரியாது. ஆரஞ்சை உரித்துக்கொண்டு, "நல்லவன், காக். மடையன், ஆனா நல்லவன்" என்றார்.

மே 3

இன்று கேட்டுவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தோம், அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்க வசதியாக இருந்தது.

"எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. கண்ணாடிக் கடையில சொன்னாங்க. பெரிய மருத்துவமனைக்கு எழுதிக்கூடக் கொடுத்தாங்க."

"ஏன் போகல?"

அவர் ஒரு துண்டை எடுத்து உதறினார்.

"ஏன் என்கிட்ட சொல்லல? நான் என்ன, உங்களைக் கடிச்சா தின்னுடுவேன்?"

ஒரு சட்டையை மூன்று தடவை மடித்துப் பிரித்தார். பிறகு சொன்னார்.

"உங்க அப்பாவை அடக்கம் பண்ணின மறுநாள் நீ மஸ்னாகிட்ட சொன்னே. நான் வெளியே பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். 'இன்னொரு தடவை இது என்னால முடியாது. இனிமே ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போற தெம்பு எனக்கு இல்ல, யாரா இருந்தாலும்'னு."

நான் சொன்னேனா? நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அது என் பேச்சுதான், அந்த 'யாரா இருந்தாலும்' என்னுடையதுதான். அப்பாவுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய், பதினொரு வருடம் அந்தச் சின்ன அறையில் இருந்தார். அலுவலகம், அப்பா, அலுவலகம், அப்பா. ஒரு நாள் அலுத்துப்போய் வாயில் வந்ததை, ஒன்பது வருடமாக ஒருவர் மனதில் வைத்துக்கொண்டிருப்பார் என்று யார் நினைப்பார்கள்?

"அது களைப்புல சொன்னது, அபாங்."

"தெரியும். ஆனா பொய் இல்லையே."

பொய் இல்லை.

மே 4

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசிக்கிறேன். ஊரடங்குக் காலம். இரண்டு பேரும் நாள் முழுதும் இந்த வீட்டுக்குள்தான் இருந்தோம். எதிரெதிரே.

மே 11, வியாழன்

அவர் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, சமையலறை வாசலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். விரலைச் சுருட்டிச் சின்ன ஓட்டை செய்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அங்கிருந்து ஒரு ஆளின் முகம் அடங்குகிறது. பந்து வந்தால் தெரியாது. பக்கத்தில் போனேன். கன்னம். காது. இன்னும் பக்கத்தில் போனால் வெறும் நிறம்.

கடைக்குத் தொலைபேசி செய்தேன். ஒன்றரை மாதம் ஆனதைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம். எழுந்து வந்தவரிடம் சொன்னேன், இதை யாருக்காவது கொடுத்துவிட்டு அந்தச் சின்னதையே வாங்கிவிடலாம் என்று.

"வேண்டாம்."

"நீங்க பார்க்கணும்ல?"

"நான் எவ்வளவு நாள் பார்ப்பேன்னு யாருக்குத் தெரியும்? அது உன்னுது. நீ கேட்டு வாங்கின ஒரே பொருள். இருக்கட்டும்."

"எனக்குப் பிடிக்கல இப்போ."

"பிடிக்கும்படி பாரு" என்றார், கொஞ்சம் கோபமாக. "நான் குருடாகறதுக்கு நீ எதுக்கு டிவி பாக்காம இருக்கணும்? ரெண்டு பேரும் இருட்டுல உக்காந்தா எனக்கு ஒண்ணு கூடவா தெரியப்போகுது?"

நல்ல வேளை, திட்டினார். பல நாளாயிற்று.

மே 19

வேனை ஆ சூனின் மருமகன் வாங்கிக்கொண்டு போனான். ஜம்ஹாரி கீழே இறங்கிவரவில்லை. சன்னலில் நின்றார். எதைப் பார்த்தாரோ.

ஜூன் 14, புதன்

வலது கண்ணில் அறுவை முடிந்தது. அழுத்தம் இறங்கியிருக்கிறது என்கிறார் மருத்துவர். இருப்பது இருக்கும், பார்ப்போம் என்கிறார். நேர்த்திக்கடன் போல அந்த ஐம்பது சென் அளவு வெள்ளையை நினைத்துக்கொண்டே வெளியே உட்கார்ந்திருந்தேன்.

கழிவறைக்கு நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். இருவரும் வேறு எதையோ பேசிக்கொண்டே நடந்தோம்.

ஜூன் 25

இன்று குளியலறையில் சோப்பு எங்கே என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை கத்திவிட்டேன். பிறகு வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். என்னைப் பற்றி எனக்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? சோப்பு இனிமேல் வலது பக்கம், ஒரே இடத்தில்.

ஜூலை 9, ஞாயிறு

இந்த நோட்டை எடுத்து மார்ச்சுப் பக்கங்களைக் கிழிக்க உட்கார்ந்தேன். ஒரு தாள் கிழிந்த சத்தத்துக்கே அவர் கேட்டுவிட்டார்.

"என்ன கிழிக்கறே?"

"பழைய குப்பை."

"உன் நோட்டுதானே? கிழிக்காதே. படி."

"உங்களுக்கு எதுக்கு?"

"என்னால இனிமே திருட்டுத்தனமா எடுத்துப் படிக்க முடியாது. நீதான் படிச்சுக் காட்டணும்."

திருட்டுத்தனமாகப் படித்திருக்கிறாரா இத்தனை வருடமும்? கேட்டால் சிரிக்கிறார்.

டிவியை அணைத்துவிட்டுப் படித்தேன். 'மிச்சப் பாதி' வந்ததும் சிரித்தார். கடை வந்தது. 'கஞ்சன்' என்ற சொல்லைப் படிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. "சத்தமா" என்றார். படித்தேன். தள்ளுவண்டியிடம் மன்னிப்புக் கேட்டதற்கு நன்றாகவே சிரித்தார். "நிஜமாவே ஆளுன்னுதான் நினைச்சேன்" என்றார்.

அடுத்த பக்கத்தைத் தாண்டி நோன்புக்குப் போனேன்.

"நில்லு. பள்ளிக்கூடம் திறந்த நாள் எங்கே?"

"எழுதல."

"அன்னைக்கு நீ எழுதாம இருந்திருக்க மாட்டே, லேஹா."

படித்தேன். ஒரு சொல்கூட விடவில்லை. பொண்டாட்டி பென்ஷன் வரைக்கும். முடித்துவிட்டு, "என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். ராயாவுக்குச் சொல்வதுபோல இல்லை. முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னது போலிருந்தது.

அவர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். இது வலித்த வார்த்தை என்று அதிலேயே தெரிந்தது. பரவாயில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

பிறகு, "மேலே படி" என்றார். படித்துக்கொண்டே போனேன். ராயா, மருத்துவமனை, ஆ சூன், சோப்பு. கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"இதுல நீ செஞ்சது எல்லாம் இருக்கு. நான் செஞ்சது எங்கே?"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ரெண்டு வருஷம் உன்கிட்ட பொய் சொன்னேன். தெரிஞ்சே பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓட்டினேன். ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல. தூண்ல இடிக்கற வரைக்கும் ஓட்டினேன். ஆ சூன் நல்லவன்னு சொன்னான்னு எழுதியிருக்கே. நீயும் பாவப்பட்டு என்னைப் பெரிய மகான் மாதிரி ஆக்கி வச்சிருக்கே. நான் பயந்தாங்கொள்ளி. அதை எழுது."

"வேண்டாம், அபாங்."

"எழுது. என் பங்கை நீ எடுத்துக்காதே."

ஆகவே எழுதுகிறேன். ஜம்ஹாரி இரண்டு வருடம் என்னிடம் பொய் சொன்னார். கண் தெரியாமல் பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டினார். பயந்தார். அதில் பாதி என்னைப் பார்த்து.

கடைசி வாக்கியம் அவர் சொன்னதில்லை. படித்துக் காட்டினேன்.

"பாதி இல்ல. கால்வாசி" என்றார்.

திருத்தவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

மழை வருகிறது. துணி எடுக்க வேண்டும்.